ஊர்ப் பேரு எங்கேருந்து வந்துச்சு, அதை யாரு பாஸ் பண்ணாங்க? செட்டிநாட்டு ஊருங்களை வச்சு ஒரு எளிய விளக்கம்

காரைக்குடிக்கு ஏன் அந்தப் பேருன்னு ஊருக்குள்ள கேட்டா பொதுவா ரெண்டு பதில் வரும். காரைச் செடி மண்டிக் கிடந்த காட்டைத் திருத்தி குடியேறுனாங்க, அதான் காரைக்குடின்னு ஒரு பதில். சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டுன வீடு நிறைஞ்ச ஊரு, அதான் காரைக்குடின்னு இன்னொரு பதில். ரெண்டாவதுக்குத்தான் ஆதரவு ஜாஸ்தின்னு எனக்குத் தோணுது, ஏன்னா வீடு கண்ணு முன்னாடி நிக்குது, முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேச்ச செவுரு இன்னும் பளபளன்னு இருக்கு, காரைச் செடியை இப்ப யாரு போய் தேடிப் பாக்குறா.

ஆனா கொஞ்சம் யோசிங்க. நம்ம பெரிய வீடுங்க எல்லாம் எப்ப வந்துச்சு? பர்மா, மலேயா, சிலோன் பணம் வர ஆரம்பிச்ச பிறகு, அதாவது 19ஆம் நூற்றாண்டு நடுவுலேருந்து 1940கள் வரைக்கும் கட்டுனதுதான் பெரும்பாலும். ஊரு அதுக்கு முன்னாடியே இருக்கு, பேரும் இருக்கு. பின்னாடி வந்த வீட்டை வச்சு முன்னாடியே இருந்த பேரை எப்படி விளக்குறது? அடுத்தது, சுத்தி இருக்கிற ஊருங்களைப் பாருங்க: இலுப்பைக்குடி, பனங்குடி. பிள்ளையார்பட்டிக்கு சொல்ற பழைய பேருகள்ல ஒண்ணு மருதங்குடி. இலுப்பை, பனை, மருது, எல்லாமே மரம், பின்னாடி 'குடி'. இந்த வரிசையில காரைங்கிற முள்ளுச்செடி வந்து உக்காந்தா ஒண்ணும் உறுத்தல, ஆனா சுண்ணாம்புக் காரையை மட்டும் கொண்டாந்து வச்சா தனியா துருத்திக்கிட்டு நிக்குது. இது முடிவான நிரூபணம்னு சொல்லல, ஆனா செடிப் பக்கம் தராசு நல்லாவே சாயுது.

இப்ப நாம பண்ணுனதுக்குப் பேருதான் இடப்பெயராய்வு. டோப்போனமின்னு வெளியில சொல்வாங்க. கேக்க பெரிசா இருந்தாலும் அடிப்படையில ரெண்டே ரெண்டு கேள்விதான். இந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுங்கிறது ஒண்ணு. இன்னைக்கு இந்த ஊருக்கு சட்டப்படி, ஆவணப்படி பேரு எது, அதை எழுதுற முறை எது, யாரு முடிவு பண்ணாங்கங்கிறது இன்னொண்ணு. புதுசா இதுல இறங்குறவங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிடுறாங்க, அங்கதான் பாதி சண்டையே. கெஜட்ல, அதாவது அரசிதழ்ல, இருக்கிற பேரு சரியான மூலப் பேரா இருக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. அதே மாதிரி, ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டுல இருக்குங்கிறதுக்காக ஒரு பேரு அதிகாரப்பூர்வமா ஆயிடாது. முதல் கேள்விக்கு பதில் பழைய எழுத்துல இருக்கு, ரெண்டாவதுக்கு பதில் அரசாங்கப் பேப்பர்ல இருக்கு.

முதல் கேள்வியை முதல்ல பாப்போம், எனக்குப் பிடிச்சதும் அதுதான்.

ஊர்ப் பேரை எடுத்தா முதல்ல ரெண்டாப் பிரிச்சுப் பாக்கணும். பின்பாதி பொதுவா அந்த இடம் என்ன மாதிரியான இடம்னு சொல்லும், முன்பாதி எந்த இடம்னு சொல்லும். குடி, ஊர், பட்டி, வயல், மங்கலம், கோட்டை, புரம், ஏந்தல் எல்லாம் பின்பாதி. நம்ம பக்கம் தண்ணியும் வயலும்தான் நிறைய வரும், வானம் பார்த்த பூமி, வேற எதை வச்சுப் பேரு வைக்கிறது. புதுவயல், ஆராவயல், சிறுவயல் எல்லாம் வயக்காட்டுப் பேரு, ஏந்தல்னு முடிஞ்சா சின்ன கண்மாயை ஒட்டுன ஊரு, பள்ளத்தூர் எப்படிப்பட்ட நிலம்னு பேரே சொல்லுது. மங்கலம்னு முடிஞ்சா கொஞ்சம் நின்னு பாக்கணும், பழைய காலத்துல பிராமணர்களுக்கு தானமா விட்ட ஊருக்கு சதுர்வேதிமங்கலம்னு பேரு வைப்பாங்க, சிங்கம்புணரிப் பக்கம் சதுர்வேதமங்கலம்னு இன்னமும் ஒரு ஊரு இருக்கு. அதுக்காக மங்கலம்னு முடியுற எல்லா ஊரும் அப்படித்தான்னு அடிச்சு விடக்கூடாது, கல்வெட்டு இருக்கான்னு பாக்கணும். பட்டின்னு முடியுறதுக்கு முன்னாடி பல இடத்துல ஆளு பேரு வரும், கண்டவராயன்பட்டி, மகிபாலன்பட்டி மாதிரி. காரைக்குடிக்கு உள்ளயே செக்காலை, கழனிவாசல்னு இருக்கே, அதுவும் இதே கதைதான், செக்கும் கழனியும் போயிடுச்சு, பேரு மட்டும் தங்கிடுச்சு.

இதுவரைக்கும் யாரும் பண்ணலாம். ஆனா இங்கயே நிறுத்துனா மோசம் போயிடுவோம், ஏன்னா நாம பிரிச்சுப் பாக்குறது இன்னைக்கு வாயில வர்ற உருவத்தை, பேரு வச்சவன் வாயில அது வேற மாதிரி இருந்திருக்கலாம்.

திருப்பத்தூரை எடுத்துக்கங்க. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24ல தூக்குல போட்ட நம்ம திருப்பத்தூரைச் சொல்றேன். இன்னைக்கு இருக்கிற பேரைப் பிரிச்சா திரு, பத்து, ஊர். உடனே ஒருத்தர் 'பத்து ஊரு சேர்ந்த இடம்'னு சொல்வாரு, இன்னொருத்தர் அந்தப் பத்து ஊரு எதுன்னு லிஸ்டே போட்டுடுவாரு. ஆனா தேவாரத்துல இந்த ஊரு திருப்புத்தூர். பத்தூர் இல்ல, புத்தூர். அங்கயே பத்து ஊரு கதை முடிஞ்சு போச்சு. இப்ப கேள்வி, புத்தூர்னா புது ஊரா, இல்ல புற்று இருந்த ஊரா? கோயில் தலபுராணம் வால்மீகியையும் புற்றையும் சொல்லும். மொழிப்படி பாத்தா புது ஊருங்கிறதுதான் எளிமையான விளக்கம், தமிழ்நாடு பூராவும் புத்தூரும் புதூரும் கொட்டிக் கிடக்கு, நம்ம பக்கத்துலயே அமராவதிபுதூர் இருக்கு. என் ஓட்டு புது ஊருக்குத்தான், ஆனா புத்துங்கிறவங்களை அடிச்சு விரட்டவும் மாட்டேன்.

ஆக முதல் விதி, பேருக்கு அர்த்தம் சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பேரோட கிடைக்கிற பழைய உருவம் எதுன்னு தேடணும். அர்த்தம் அப்புறம். நம்ம ஊர்க்காரங்க நேர்மாறா பண்றோம், முதல்ல அர்த்தம், அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி ஒரு கதை, கதையில கட்டாயம் ஒரு ராஜா வேட்டைக்கு வந்திருப்பாரு.

பழைய உருவம் கிடைக்காத ஊருக்கு என்ன பண்றது? பேச்சு எப்படி மாறுங்கிறது கை கொடுக்கும். குன்றக்குடியை நாம குன்னக்குடின்னுதான் சொல்றோம், ஆறுலேருந்து வர்ற 'ஆற்று'ங்கிறதை ஆத்துன்னு சொல்றோம். இது இஷ்டத்துக்கு நடக்குற மாற்றம் இல்ல, 'ற்ற' வந்தா 'த்த' ஆகும், 'ன்ற' வந்தா 'ன்ன' ஆகும், நம்ம பக்கம் தமிழ் பேசுறவங்க வாயில பொதுவா ஒரே மாதிரிதான். அப்ப டைல்ஸுக்குப் பேர் போன ஆத்தங்குடி, ஆற்றங்குடியா இருந்திருக்கலாம்னு நியாயமா யூகிக்கலாம், பக்கத்துல பழைய ஆத்துத் தடம் ஏதும் உண்டான்னு பாக்க வேண்டியது அடுத்த வேலை. இளையாத்தங்குடியையும் சிலர் இளையாற்றங்குடின்னு எழுதுறது இதனாலதான். யூகத்தை யூகம்னே எழுதி வச்சுக்கணும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

அடுத்தது, ஒரே இடத்துக்கு ஒரே பேருதான் காலங்காலமா இருந்துச்சுன்னு நினைக்கவே கூடாது. பிள்ளையார்பட்டி குடவரையில ரொம்பப் பழைய எழுத்துல ஒரு கல்வெட்டு இருக்கு, எருக்காட்டூர்க் கோன் பெருந்தச்சன்னு ஒரு பேரை அதுல படிச்சிருக்காங்க. அப்ப அந்த வட்டாரத்துல எருக்காட்டூர்னு ஒரு ஊரு பேரு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. பின்னாடி மருதங்குடி, ராசநாராயணபுரம்னெல்லாம் வருது. கடைசியில அத்தனையும் ஒதுங்கி, சாமி பேருலயே ஊரு நின்னுடுச்சு.

காளையார்கோயில்தான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம், ஒவ்வொரு படியா ஏறி வரலாம். புறநானூத்துல அது கானப்பேர், கோட்டை இருந்ததால கானப்பேரெயில், அதை ஜெயிச்ச பாண்டியனுக்கு 'கானப்பேரெயில் கடந்த'ன்னு பட்டமே உண்டு. தேவாரத்துல திருக்கானப்பேர். அங்க இருக்கிற சாமியை சுந்தரர் 'காளை'ன்னு பாடுறாரு. காளையார்ங்கிறது சாமி பேரா நின்னு, கோயில் பேரா ஆகி, அப்புறம் ஊருக்கே ஒட்டிக்கிச்சு, இன்னைக்கு தாலுகா பேரே அதுதான். பிரான்மலையும் அப்படித்தான், பாரியோட பறம்பு, தேவாரத்துல கொடுங்குன்றம், இப்ப பிரான்மலை. மூணும் ஒரே மலை. இதுல 'உண்மையான பேரு' எதுன்னு கேட்டா அந்தக் கேள்வியே தப்பு, எந்தக் காலத்துப் பேருன்னுதான் கேக்கணும்.

கல்வெட்டு படிக்கும்போது 'ஆன'ங்கிற ரெண்டெழுத்தை கவனிங்க. இன்ன ஊரான இன்ன புரம்னு வரும், இளையாத்தங்குடியான குலசேகரபுரம் மாதிரி. முதல்ல வர்றது சனங்க கூப்பிட்ட பேரு, ரெண்டாவது ராஜா பேருல வச்ச பேரு. பாருங்க, அரசாங்கம் தன் இஷ்டத்துக்கு ஒரு பேரு வைக்கிறதும், ஊரு அதைக் கண்டுக்காம பழைய பேரையே சொல்றதும் பாண்டியர் காலத்துலேருந்தே நடக்குது. குலசேகரபுரம் போயிடுச்சு, இளையாத்தங்குடி இருக்கு.

கானாடுகாத்தான்ல பிரிக்கிறதுல ஒரு வம்பு உண்டு. கான்னா காடு, ஆடுன்னா ஆடு, காட்டுல ஆடு காத்தவன்னு ஒருத்தர் பிரிப்பாரு. ஆனா புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகள்ல கானாடு, கோனாடுன்னு ரெண்டு நாட்டுப் பிரிவு சாதாரணமா வரும், வெள்ளாறு நடுவுல. அப்ப 'கானாடு' முழுசா ஒரு நாட்டோட பேரு, அந்த நாட்டைக் காத்தவன்னு ஒரு வீரனோட பட்டப்பேரு மாதிரி நிக்குது. ஆட்டை அவிழ்த்து விட்டுடலாம்.

எங்க தேடுறது? இங்க செட்டிநாட்டுக்குன்னு ஒரு தனிச் சிக்கல் இருக்கு, இதைத் தெரியாம தேடப் போனா மாசக்கணக்குல அலைய வேண்டியதுதான். செட்டிநாடுங்கிறது ஒரே நிர்வாகத்துக்குக் கீழ என்னைக்குமே இருந்ததில்ல. 96 ஊருன்னு சொல்வாங்க, இப்ப 70 சொச்சம், அதுல ராயவரம், அரிமளம், நற்சாந்துபட்டி, கோனாபட்டு எல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானம், அது 1948 வரைக்கும் தனி ராஜாங்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வெள்ளைக்காரன் ஆட்சிக்குக் கீழ ஜமீன் பூமி. அதுலயும் பாருங்க, ராமநாதபுரம் ஜில்லாவே 1910லதான் பிறந்துச்சு, அதுக்கு முன்னாடி உள்ள காயிதம் எல்லாம் மதுரை ஜில்லா கணக்குல கிடக்கும். 1985ல பிரிச்சு பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம்னு ஆச்சு, 1997ல தலைவர்கள் பேரை எல்லா மாவட்டத்துலேருந்தும் எடுத்தப்ப சிவகங்கை மாவட்டம்னு ஆச்சு. ஒரே வீடு, கதவு கூட மாத்தல, அட்ரஸ்ல ஜில்லா பேரு மட்டும் 3 தடவை மாறியிருக்கு.

புதுக்கோட்டைப் பக்கத்து ஊருன்னா கொடுத்து வச்சவங்க, சமஸ்தானம் 1929லயே தன் எல்லைக்குள்ள இருந்த கல்வெட்டுகளை புத்தகமா அச்சடிச்சுடுச்சு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக்கு மத்திய தொல்லியல் துறை போட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும், வருஷா வருஷம் வந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளும்தான் முதல் இடம். ஜமீன் ஊருங்கிறதால, விவசாயி நேரடியா அரசாங்கத்துக்கு வரி கட்டுன ரயத்துவாரி ஜில்லாக்களை மாதிரி, பழைய செட்டில்மென்ட் ரிஜிஸ்டரு (நில அளவை, வரிப் பதிவேடு) வண்டி வண்டியா கிடைக்காது, 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசாங்கம் நேரடியா அளந்து ரிஜிஸ்டர் போட்டது நிறைய. பழைய அரசாங்கக் காயிதத்துக்கு எழும்பூர்ல இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போகணும்.

ஆனா இந்த ஊருங்களோட அருமையான காப்பகம் வீட்டுக்குள்ளதான் இருக்கு, இதை நான் எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன். நகரத்தார் கல்யாணத்துல எழுதுற இசைகுடிமானம்ங்கிற கல்யாணப் பத்திரத்துல ரெண்டு பக்கத்து ஊரும் கோயில் பிரிவும் வரும். கோயில்ல புள்ளிக் கணக்கு, அதாவது கல்யாணமான குடும்பங்களோட கணக்கு, ஊர்வாரியா இருக்கும். ரங்கூன்லேருந்தும் பினாங்குலேருந்தும் வந்த கடுதாசி உறை மேல 'ராம்நாட் டிஸ்ட்ரிக்ட்'னு போட்டு ஊரு பேரை இங்கிலீஷ்ல அந்தக் காலத்துல எப்படி எழுதுனாங்கன்னு அப்படியே இருக்கும், தபால் முத்திரையில தேதியும் இருக்கும், ஆராய்ச்சிக்கு தேதியோட கிடைக்கிற எழுத்து மாதிரி உசத்தி வேற இல்ல. பழைய கிரயப் பத்திரத்துல சக்குபந்தி, அதாவது நாலு எல்லை, சொல்ற இடத்தைப் படிங்க, வடக்கே இன்ன கண்மாய், தெக்கே இன்ன செய்யின்னு (செய்னா வயல்) வரும் பாருங்க, எந்த மேப்புலயும் இல்லாத பேரு அதுல கிடைக்கும். வீட்டை இடிச்சு தேக்கையும் கதவையும் விக்கிறவங்க காயிதத்தை மட்டும் குப்பையில போட்டு எரிக்கிறாங்க, அது தாங்கல.

சரி, ரெண்டாவது கேள்வி. இப்ப அதிகாரப்பூர்வமான பேரு எது?

முதல்ல ஒரு அதிர்ச்சி. 'செட்டிநாடு'ங்கிற பேருல மாவட்டமும் இல்ல, தாலுகாவும் இல்ல. சிவகங்கை மாவட்டத்துல 9 தாலுகா, அதுல காரைக்குடி உண்டு, தேவகோட்டை உண்டு, திருப்பத்தூர் உண்டு, செட்டிநாடு கிடையாது. ஆனா கானாடுகாத்தான் பக்கத்துல செட்டிநாடுன்னு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு, தபால் ஆபீஸ் இருக்கு. 1929ல அண்ணாமலை செட்டியாருக்கு வெள்ளைக்காரன் செட்டிநாட்டு ராஜான்னு பட்டம் கொடுத்தான், மறு வருஷம் 1930ல அந்த ஸ்டேஷன் வழியாப் போற புதுக்கோட்டை மானாமதுரை ரயில் பாதை திறந்தாங்க. ஜி.ஐ. டேக் (புவிசார் குறியீடு) வாங்குன செட்டிநாடு கொட்டான்ங்கிற ஓலைக் கூடையில கூட அந்தப் பேரு இருக்கு. உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு பேரு, ஓட்டல் போர்டு எல்லாத்துலயும் இருக்கிற பேரு, எல்லைக்கோடு போட்டு எந்த கெஜட்டும் சொல்லாத பேரு. வட்டாரப் பேரு நிறைய இப்படித்தான், ஜனங்க வாயில நிக்கும், நிர்வாகத்துல நிக்காது.

இதுலேருந்து தெரியுறது, ஒரு இடத்துக்கு அதிகாரப்பூர்வப் பேரு ஒண்ணே ஒண்ணுன்னு இல்ல, எந்தத் துறைக்குன்னு கேக்கணும். வருவாய்த்துறைக்கு வருவாய் கிராமம்தான் கணக்கு, வி.ஏ.ஓ. கிட்ட இருக்கிற அ பதிவேடு (நிலப் பதிவேடு), கிராம வரைபடம், எஃப்.எம்.பி. (புல அளவை வரைபடம்) எல்லாம் அந்தப் பேருலதான். பஞ்சாயத்துக்கு ஊராட்சி, அதுக்குள்ள குக்கிராமங்கள், வருவாய் கிராமமும் ஊராட்சியும் ஒரே எல்லையா இருக்கணும்னு அவசியம் இல்ல. தபாலுக்கு டெலிவரி பண்ற ஆபீஸு, அதனாலதான் உங்க பின்கோடுக்கு நேரா வேற ஊரு பேரு வருது, பயப்படாதீங்க. ரயில்வேக்கு ஸ்டேஷன் பேரு, தேவகோட்டை ரோடுன்னு ஒரு ஸ்டேஷன், அதுல இறங்கி தேவகோட்டை வந்துடுச்சுன்னு நினைச்சா போச்சு, தேவகோட்டைக்குப் போற ரோடு இங்கேருந்துதான்னு அர்த்தம், ஊரு ரொம்ப தள்ளி. மத்திய அரசு இப்ப எல்.ஜி.டி.ன்னு ஒரு டைரக்டரி வச்சு ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊராட்சிக்கும் ஒரு கோடு கொடுத்திருக்கு, ஸ்பெல்லிங் எப்படிப் போனாலும் கோடு மாறாது, ஆராய்ச்சி பண்றவங்க நோட்டுல பேருக்குப் பக்கத்துல அந்த கோடையும் குறிச்சு வச்சுக்கிறது புத்திசாலித்தனம்.

மேப்புல போடுற பேருக்கு சர்வே ஆஃப் இந்தியாதான் அதாரிட்டி, 1767லேருந்து இருக்கிற ஆபீஸ், டேராடூன்ல தலைமை. களத்துல கேட்டு எழுதுன பேரை வருவாய்த்துறைப் பதிவேட்டோட ஒத்துப் பாத்துத்தான் டோப்போ ஷீட்ங்கிற நில வரைபடத் தாள்ல ஏத்துவாங்க. பழைய நம்பர் முறையில காரைக்குடி 58 ஜே ஷீட்ல வரும், தேவகோட்டை 58 கே, ஏன்னா 10 டிகிரி அட்சரேகை ரெண்டு ஊருக்கும் நடுவுல போகுது. பழைய ஷீட்டையும் புது ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எந்தப் பேரு காணாம போச்சு, எது புதுசா முளைச்சுதுன்னு தெரியும். 2017லேருந்து இந்த ஷீட்டுகளை ஆன்லைன்ல இலவசமா டவுன்லோட் பண்ற வசதியும் கொடுத்தாங்க.

ஊருப் பேரை மாத்தணும்னா? கிராம சபையில தீர்மானம் போட்டா மாறிடும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. தீர்மானம் வெறும் தொடக்கம். கலெக்டர் வழியா மாநில அரசுக்குப் போகணும், அங்கேருந்து மத்திய உள்துறைக்குப் போகணும். உள்துறை தானா முடிவெடுக்காது, ரயில்வே, தபால்துறை, சர்வே ஆஃப் இந்தியா மூணு பேர்கிட்டயும் கேக்கும், அந்தப் பேருல வேற ஊரு இருக்கா, குழப்பம் வருமான்னு. ஆட்சேபணை இல்லைன்னு வந்தா, மாநில அரசு கெஜட்ல அறிவிக்கும். அந்த அறிவிப்பு வந்த தேதிதான் பேரு மாறுன தேதி, திறப்பு விழா போஸ்டர்ல போட்ட தேதி இல்ல.

இதுக்கு அடிப்படை உள்துறை 1953ல அனுப்புன ஒரு கடிதம், இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. மக்களுக்குப் பழகிப் போன பேரை தக்க காரணம் இல்லாம மாத்தாதே, வரலாற்றுத் தொடர்பு உள்ள பேரைத் தொடாதே, உள்ளூர்ப் பற்றுக்காகவோ மொழிக் காரணத்துக்காகவோ மட்டும் மாத்தாதே, தலைவருக்கு மரியாதை பண்றதுக்காக மட்டும் ஊருப் பேரை மாத்தாதே, மாநிலத்துலயோ அக்கம்பக்கத்துலயோ அதே பேரு இருந்தா வைக்காதே. நடைமுறையில இதை எவ்வளவு மதிச்சாங்கங்கிறது உங்களுக்கே தெரியும், ஆனா எழுத்துல இருக்கிறது இதுதான், மனு எழுதுறவங்க இதுக்கு பதில் சொல்ற மாதிரி எழுதுனா வேலை நடக்கும். மாநிலத்தோட பேரையே மாத்தணும்னா அது பார்லிமென்ட் வேலை. 1967 ஜூலை 18ல சட்டசபையில தீர்மானம், ஆனா தமிழ்நாடுன்னு நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. ஒரு பேரு மாறுனா அது கூட ஒட்டியிருக்கிற எல்லாம் தானா மாறாதுங்கிறதும் முக்கியம், 1996லயே சென்னை ஆயிடுச்சு, ஹைகோர்ட்டு இன்னும் மெட்ராஸ் ஹைகோர்ட்டுதான், அதுக்குத் தனிச் சட்டம் வேணும்.

ஒரே பேரு ரெண்டு இடத்துல இருக்கிற பிரச்சனையை நம்ம ஆளுங்க எப்பவோ இனிஷியல் போட்டு தீர்த்துட்டாங்க. ஓ.சிறுவயல், உ.சிறுவயல், போதாக்குறைக்கு அரண்மனை சிறுவயல். மனுஷனுக்கு மட்டுமா இனிஷியல், ஊருக்கும் உண்டு. அந்த ஒத்தை எழுத்து எதோட சுருக்கம்னு தேடுறதே ஒரு நல்ல ஆராய்ச்சி, சில நேரம் பழைய தாய்க்கிராமத்தோட பேரு அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். திருப்பத்தூருக்கு மட்டும் இந்த வழி வாய்க்கல, 2019ல வேலூரைப் பிரிச்சு திருப்பத்தூர் மாவட்டம்னே ஒண்ணு வந்த பிறகு நம்ம திருப்பத்தூர்க்காரங்க 'சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்'னு நீட்டி முழக்க வேண்டியதா போச்சு.

தமிழ்ல எழுத்து உறுதியானாலும் இங்கிலீஷ்ல எழுதும்போது இன்னொரு தலைவலி. காரைக்குடிக்கு ரயில்வே நடுவுல ரெண்டு 'கே' போடுது, மாநகராட்சி ஒரு 'கே' போடுது. சிவகங்கைக்கு இங்கிலீஷ்ல கடைசி ஐகாரமே காணாம சிவகங்கான்னு நிக்குது. இந்தியாவுக்குப் பொதுவா ஹன்டேரியன்னு ஒரு எழுத்துப்பெயர்ப்பு முறை இருக்கு, சர்வே ஆஃப் இந்தியா அதைத்தான் வச்சிருக்கு, ஆனா ஊருக்குள்ள பழகிப் போன ஸ்பெல்லிங் அதுக்குக் கட்டுப்படாது. 2020ல தமிழ்நாடு அரசு தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி 1018 ஊருங்களோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மாத்தி அரசாணை வெளியிட்டுச்சு, ஜூன் மாசம் வெளியில வந்துச்சு, வேலூரை 'வீலூர்'னு படிக்கிற மாதிரி எழுதிட்டாங்கன்னு ஊரே சிரிச்சுச்சு, ஒரு வாரம் போல ஆகுறதுக்குள்ள வாபஸ். நோக்கம் நல்ல நோக்கம்தான், ட்யூட்டிகோரின்னு எழுதி தூத்துக்குடின்னு படிக்கிறது கூத்துதான். ஆனா முறையை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் லிஸ்ட் போடணும், அவங்க லிஸ்ட்டைப் போட்டுட்டாங்க.

இதெல்லாம் நமக்கு மட்டும் உள்ள பிரச்சனை இல்ல. அமெரிக்காவுல 1890லயே இதுக்குன்னு ஒரு போர்டு வச்சாங்க, ஐ.நா. 1967ல ஜெனிவாவுல இடப்பெயர் ஒழுங்குபடுத்த முதல் மாநாடு நடத்துச்சு. ஐ.நா. சொல்றதோட சாரம், அந்தந்த நாடு தன் ஊருங்களுக்கு அதிகாரப்பூர்வமா எது பேருன்னு உள்ளூர்ல முடிவு பண்ணட்டும், மத்த நாடு அதை ஏத்துக்கட்டும். உள்ளூர்க்காரங்க வச்ச பேருக்கு எண்டோனிம், வெளியாள் வச்சதுக்கு எக்ஸோனிம்னு பேரு. ராமநாதபுரம் எண்டோனிம், ராம்நாட் வெளியாள் வாயில வந்தது.

தெருப் பேரு இன்னும் சின்ன அளவுல நடக்குற விஷயம், நகராட்சி தீர்மானமும் அரசு ஒப்புதலும் போதும். 2025ல சாதிப் பேரு உள்ள தெரு, குடியிருப்புப் பேரை எல்லாம் மாத்த வழிமுறை சொல்லி அரசாணை வந்துச்சு. இதுல என் கருத்து ரெண்டு பக்கமும் உண்டு: யாரையோ இழிவு பண்ற பேரு போர்டுல நிக்கிறது அசிங்கம், அது போகத்தான் வேணும், ஆனா போறதுக்கு முன்னாடி பழைய பேரு, எந்தத் தேதி வரைக்கும் இருந்துச்சு, யாரு வச்சாங்கன்னு ஒரு பதிவேட்டுல எழுதி வச்சுட்டு மாத்துங்க. இல்லன்னா பழைய பத்திரத்தை வச்சுக்கிட்டு அந்தத் தெரு எதுன்னு தேடுறவன் பாடு திண்டாட்டம்.

கடைசியா, ஆரம்பிக்கிறவங்களுக்கு வேலை எப்படின்னு. பெரிய ஊரை எடுக்காதீங்க, உங்க ஐயா ஊரு ஒண்ணை எடுங்க. ஒரு நோட்டுல, கிடைக்கிற ஒவ்வொரு பேரு உருவத்தையும் எந்த ஆவணம், எந்த வருஷம், எழுத்து மாறாம எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க, 'காரைகுடி'ன்னு 'க்' இல்லாம இருந்தா அப்படியே எழுதுங்க, நீங்க திருத்தாதீங்க. கதை சொல்றவங்களை மடக்காதீங்க, யாரு சொன்னாங்க, எந்த வருஷம் சொன்னாங்கன்னு மட்டும் பக்கத்துல குறிங்க, கதை தனிப் பக்கம், ஆவணம் தனிப் பக்கம். வி.ஏ.ஓ. ஆபீஸ்ல கிராம வரைபடத்தைப் பாத்து அதுல இருக்கிற கண்மாய், ஊருணி, குக்கிராமம் பேரெல்லாம் எடுத்துக்கிட்டு, வயசான அப்பத்தா யாராவது இருந்தா அவங்ககிட்ட உக்காந்து அந்தக் கண்மாய்க்கு வேற பேரு உண்டா, இந்தச் செய்க்கு என்ன சொல்வீங்கன்னு கேளுங்க. ஊருப் பேரு எப்படியும் கெஜட்ல, கல்லுல எங்கயாவது தங்கிடும். செய்க்கும் கரைக்கும் மடைக்கும் வச்ச பேரு எதுலயும் ஏறல, அதனால நோட்டை அங்கேருந்து ஆரம்பிங்க, ஆவணக் காப்பகத்துக்கு அப்புறம் வேலை நாளாப் பாத்துப் போய்க்கலாம்.